வண்டி ஜன்னலில் எடுத்த பி.பி.

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் ஸ்கேன் சென்டரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். "சரிதா மேடமா? மிஷினை விட அவங்க சத்தம் ஜாஸ்தி" என்று நர்ஸ் அனிதா என் முன்னாலேயே சொல்வாள். ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில் பதினொரு வருடமாக சி.டி. ஸ்கேன் எடுக்கிறேன். கம்பெனி மிஷினில் கை கொடுத்தவன், ஹைவேயில் பைக்கோடு விழுந்தவன், கல்லடைப்பு, தலைசுற்றல், எல்லாம் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். படுக்கச் சொன்னால் படுக்கணும், மூச்சை அடக்கச் சொன்னால் அடக்கணும். அதைச் செய்யாதவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதாவுல்லா பாய் வந்தார். ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருப்பவர், ஐம்பத்துநான்கு வயது, வாட்டசாட்டமான ஆள். தைல வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. பின்னாலேயே அவர் மனைவி ஃபகருன்னிசா, கையில் ஃபைலும் தண்ணீர் பாட்டிலுமாக. விடியற்காலை ஐந்து மணிக்கு லாரியில் பெட்டி ஏற்றும்போது முதுகில் ஏதோ சரக்கென்று கிழிந்ததுபோல் இருந்ததாம். சுளுக்கு என்று நினைத்துச் சுளுக்கெடுக்கிறவரை வீட்டுக்கே வரவழைத்து உருவியிருக்கிறார்கள். வலி போகவில்லை. பக்கத்து கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு ஹார்ட்டில் ஒன்றுமில்லை என்றார்களாம். வலிக்கு ஒரு ஊசி போட்டு, எதற்கும் முதுகெலும்பை ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்று சீட்டு கொடுத்தார்களாம். அந்த முதுகோடு முப்பது கிலோமீட்டருக்கு மேல் மினி லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார் மனுஷன்.

எங்கள் சென்டரில் சீட்டு பதியும்போதே எல்லோருக்கும் பி.பி. பார்த்து எழுத வேண்டும். நாற்காலி போட்டிருக்கிற வாக்குக்கு இடது கைதான் பி.பி. மிஷின் பக்கம் வரும். வலது கையை ஊசி போட விட்டுவைப்போம். எத்தனையோ ஆயிரம் பேருக்கு அப்படியே பார்த்திருக்கிறேன். பாய்க்கும் இடது கையில் சுற்றினேன். நூற்றுப்பத்துக்கு எழுபது.

"காலேஜ் பையன் பி.பி. பாய் உங்களுக்கு" என்றேன்.

ஈ.சி.ஜி. சரி, பி.பி. சரி, நடந்து வந்த ஆள். வரிசையில் ஐந்தாவதாகப் போட்டேன்.

அவர் உட்காரவே இல்லை. வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போன். "காலித்து, லாரி கெளம்பிடுச்சா? இன்னும் நிக்குதா? டேய், வெயில் ஏறுனா அடிப்பொட்டி பூரா ஒழுகிடும்டா!" என்று மகனிடம் கத்தினார். போனை வைத்த அடுத்த நிமிடம் அது திரும்ப அடித்தது.

"என்னாங்க, செத்த நேரம் உக்காருங்களேன்" என்றார் ஃபகருன்னிசா.

"உக்காந்தா குத்துது, நின்னா இழுக்குது. என்னை என்னா பண்ணச் சொல்ற?"

நான் கதவைத் திறந்து தலையை நீட்டினேன். "பாய்! இது மண்டி இல்ல. போனை உள்ள வைங்க, உக்காருங்க. உங்க முறை வந்தா நானே கூப்பிடுவேன்."

அவர் என்னை முறைத்தார். உட்காரவில்லை.

பத்து நாற்பதுக்குத்தான் அவர் முறை வந்தது. டேபிளில் படுக்க வைத்தால் நெளிகிறார். ஒருக்களிக்கிறார், காலை மடக்குகிறார், வேர்த்துக் கொட்டுகிறது. "ஆடாதீங்க பாய், படம் கலைஞ்சா திரும்ப எடுக்கணும், எனக்கு வேற வேலை இல்லையா?" என்று மைக்கில் கத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருபது விநாடி அசையாமல் கிடந்தார். படம் வந்தது.

முதுகெலும்பு நன்றாக இருந்தது. ஒரு விரிசல் இல்லை, ஒரு வீக்கம் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்று பொத்தானில் விரல் போய்விட்டது. அப்போதுதான் எலும்புக்கு முன்னால் இருந்த அந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்தேன்.

இதயத்திலிருந்து கிளம்பி, மார்பில் மேலே போய் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக்கொண்டு வயிற்றுக்கு இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் ஒன்று உண்டு, அயோர்டா என்பார்கள். வயதானால் அதன் உட்சுவரில் சுண்ணாம்பு படியும். ஸ்கேனில் வெள்ளைப் புள்ளியாக, சுவரோடு ஒட்டித் தெரியும். பாயின் படத்தில் அந்தப் புள்ளி குழாயின் நடுவில் இருந்தது. சுவரின் உள்பூச்சு உரிந்து உள்ளே தொங்கினால்தான் அது அங்கே போக முடியும். படத்தை அகலமாக்கித் திரும்பப் போட்டேன். இதயத்துக்கு மேலே குழாய் புடைத்துக்கொண்டு நின்றது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு பொட்டைப் பார்த்திருக்கிறேன். அன்று அதற்கு அர்த்தம் தெரியவில்லை. அந்த ஆள் டேபிளிலிருந்து இறங்கி, செருப்பு மாட்டிக்கொண்டு, எங்கள் லிஃப்ட் வாசலில் விழுந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

எங்கள் படங்களை எல்லாம் பெங்களூரில் இருந்தபடியே பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர் டாக்டர் ஹரீஷ்குமார். போன் போட்டேன்.

"பாத்தேன் சரிதா. மருந்து போடாத படத்துல அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்கு இது பிடிக்கல. வலது கையில ஊசி போட்டு, கான்ட்ராஸ்ட் விட்டு, முழு அயோர்டாவையும் எடு. இப்பவே."

கான்ட்ராஸ்ட் என்றால் குழாயில் ஓடுகிற ரத்தத்தைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து. அதைப் போட டியூட்டி டாக்டரின் கையெழுத்து வேண்டும். பாயை டேபிளிலேயே படுத்திருக்கச் சொல்லி அனிதாவை நிற்க வைத்துவிட்டு, கீழே இருக்கிற ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்கு ஓடினேன். டாக்டர் மாதேஷ் இருந்தார். நல்ல பையன், இருபத்தெட்டு வயது, எல்லாவற்றுக்கும் பயம்.

"ஈ.சி.ஜி. நார்மல். கிரியாட்டினின் ரிப்போர்ட் இல்லாம மருந்து போட்டு கிட்னி போச்சுன்னா யாரு பதில் சொல்றது? ரத்தம் எடுங்க, முக்கா மணி நேரத்துல ரிப்போர்ட் வந்துடும்."

"முக்கா மணி நேரம் அந்த ஆள் இருப்பாரா சார்?"

"அயோர்டா கிழிஞ்சவருக்கு பி.பி. எகிறி நிக்கும் மேடம். இதைப் பாருங்க." சீட்டைத் திருப்பிக் காட்டினார். நூற்றுப்பத்துக்கு எழுபது. என் கையெழுத்துதான். "நம்பிக்கை இல்லைன்னா இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க."

அவர் மேஜை மேலிருந்த பி.பி. மிஷினைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடினேன். டேபிள் காலி.

"வலி விட்டுடுச்சாம் மேடம். ரிப்போர்ட்டை மத்தியானம் பையன் வந்து வாங்கிக்குவான்னு சொல்லிட்டு எறங்கிட்டாரு. நான் சொல்லச் சொல்லக் கேக்கல" என்றாள் அனிதா. அழாக்குறையாக நின்றாள்.

அந்த வலி ஊசி வேலை செய்கிற நேரம் பார்த்துச் செய்திருந்தது. லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கி வாசலுக்குப் போனால், பாய் மினி லாரியில் ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபகருன்னிசா அந்தப் பக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"பாய், எறங்குங்க!"

"லோடு நிக்குதும்மா. இப்ப வலி இல்ல. விடு."

"எறங்காதீங்க, சரி. கைய மட்டும் நீட்டுங்க. ஒரு நிமிஷம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறன்."

நான் கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை. சலித்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். டிரைவர் சீட்டில் இருப்பவர் ஜன்னலில் எந்தக் கையை நீட்ட முடியும்? வலது கை. பட்டையைச் சுற்றினேன். மிஷின் ஏறிக்கொண்டே போனது. இருநூற்று நான்குக்கு நூற்றுப்பத்து.

மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். திரும்ப எடுத்தேன். இருநூற்றிரண்டு. வண்டியைச் சுற்றி ஓடி, ஃபகருன்னிசாவின் மடிமேல் சாய்ந்து, அவருடைய இடது கையில் சுற்றினேன். நூற்றெட்டு.

ஒரே ஆள், ஒரே நிமிடம், இரண்டு கைக்கும் நடுவில் தொண்ணூறுக்கு மேல் வித்தியாசம். உரிந்த சுவர் இடது கைக்குப் போகிற குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. ரத்தம் போகாத கையில் பி.பி. பார்த்து, காலேஜ் பையன் என்று கேலி செய்து, நான் அவரை வராண்டாவில் நிற்க வைத்திருக்கிறேன். அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன், ரோட்டில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க.

"அக்கா, சாவிய உருவுங்க!"

ஃபகருன்னிசா ஏன் என்று கேட்கவில்லை. எட்டிச் சாவியைத் திருகி உருவித் தன் மடியில் போட்டுக்கொண்டார். வண்டி அடங்கியது.

"ஏய், என்னா பண்ற நீ?" என்றார் பாய்.

"நீங்க ஒரு அடி நடக்கக்கூடாது. ஸ்ட்ரெச்சர் வருது. கத்தாதீங்க, கத்துனா குழாய் வெடிச்சிடும்" என்று நானே கத்தினேன்.

மாதேஷிடம் இரண்டு எண்களையும் சொன்னபோது அவர் முகம் வெளுத்துப்போனது. ஆனால் அந்தப் பையனைப் பாராட்ட வேண்டும். "கிரியாட்டினின் கெடக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். வலிக்கு நல்ல மருந்தாக ஒன்று, பி.பி.யையும் இதயத் துடிப்பையும் இறக்க ஒரு மருந்து, இரண்டையும் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். "இனிமே வலது கையில மட்டும் பாருங்க. நூத்திருபதுக்குக் கீழ வரணும்" என்றார். ரத்தம் நீர்க்கிற மருந்து எதையும் யாரும் கொடுத்துவிடக் கூடாது என்று ஃபைல் மேலேயே பெரிதாக எழுதினார்.

"உடம்பு பூரா சூடா ஓடும் பாய், பயப்படாதீங்க. மூச்சை இழுங்க. அடக்குங்க." அந்த முறை நான் கத்தவில்லை.

அயோர்டாவில் நான் குறித்துவைக்கும் ஒரு இடத்துக்கு மருந்து வந்து சேர்ந்ததும் மிஷின் தானாக ஓட ஆரம்பிக்க வேண்டும். ஓடவில்லை. நான் குறி வைத்த இடம் உரிந்த சுவருக்குப் பின்பக்கம், மருந்து மெதுவாக ஊறுகிற பள்ளம். பக்கத்தில் மருந்து வெள்ளையாகப் பாய்ந்துகொண்டிருக்கிறது, மிஷின் சும்மா இருக்கிறது. இன்னும் நான்கு விநாடி காத்திருந்தால் எல்லாம் கடந்து போயிருக்கும். கையாலேயே அழுத்தி ஓடவிட்டேன்.

படத்தை எவரும் புரிந்துகொள்வார்கள். ஒரு குழாய் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு திரை. இதயத்தின் வாசலில் ஆரம்பித்து, வளைவு முழுக்கப் போய், இடுப்பு வரைக்கும்.

ஹரீஷ்குமார் சார் படத்தைப் பார்த்ததும் அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்குப் பேசினார். பிறகு என்னிடம் போனில் சொன்னார்: "கீழ மட்டும் கிழிஞ்சிருந்தா மருந்துலயே பாத்துக்கலாம். இது மேலருந்தே கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன்தான். ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. இங்க சர்ஜன்கிட்ட பேசிட்டேன், படத்தையும் அனுப்பிட்டேன். தியேட்டர் ரெடி பண்றாங்க. கெளப்பு."

பதினொன்றே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் பெங்களூருக்குக் கிளம்பியது. மாதேஷும் ஃபகருன்னிசாவும் கூடப் போனார்கள். என் நம்பரை எழுதி ஃபகருன்னிசா கையில் திணித்தேன். ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கிடந்தபடியே பாய், "லாரி போயிடுச்சான்னு காலித்துகிட்ட கேளு" என்றார். கதவைச் சாத்தினார்கள்.

எனக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. இந்நேரம் அத்திப்பள்ளி தாண்டியிருப்பார்களா, பொம்மசந்திராவில் நிற்பார்களா என்று கடிகாரத்தையே பார்த்தேன். ஒரு மணிக்கு உள்ளே எடுத்துவிட்டார்கள் என்று மாதேஷ் போன் செய்தார். அப்புறம் ஒன்றும் இல்லை. வந்த நோயாளிகளுக்கு எல்லாம் இரண்டு கையிலும் பி.பி. பார்த்தேன். "எதுக்கு மேடம்?" என்று கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். தலைக்குள் ஒரே கணக்குத்தான். பத்து மணியிலிருந்து பத்து நாற்பது வரை. நாற்பது நிமிடம். அந்த நாற்காலியில் அவர் திரும்பி உட்கார்ந்திருந்தால் ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம் முன்னால் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்தேன், உட்கார்ந்தேன், திரும்ப எழுந்தேன். ஆறரைக்கு போன் வந்தது. ஃபகருன்னிசா.

"இன்னும் உள்ளதாம்மா இருக்காரு. காலித்து ரத்தம் குடுக்கப் போயிருக்கான். நான் மட்டும் ஒக்காந்திருக்கன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுவியா?"

"கேளுங்கக்கா."

"சுளுக்கெடுக்கறவரைக் கூட்டியாந்தது நாந்தாம்மா. அவரு வேணாம்னாரு. முதுகுல முட்டி போட்டு இழுத்தாங்க, அவரு கத்துனாரு. சும்மா இருங்கன்னு நாந்தான் தோளை அமுக்கிப் புடிச்சிக்கிட்டன். அதுலதான் கிழிஞ்சுதா?"

"இல்லக்கா. பொட்டி தூக்கறப்பவே கிழிஞ்சிடுச்சு."

"நெஜமா?"

"சத்தியமா. உருவுனது நல்லதில்ல. ஆனா கிழிச்சது அது இல்ல."

அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஊரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் தன் வயிற்றில் இருந்ததைக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கா, நானும் ஒண்ணு சொல்லணும். காலைல நான் இடது கையில மட்டும் பி.பி. பாத்தேன். அந்தக் கைக்கு ரத்தமே சரியாப் போகல, அதனால நல்லா இருக்கற மாதிரி காட்டிடுச்சு. ரெண்டு கையிலயும் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நாப்பது நிமிஷம் உங்களை வெளிய வெச்சது என் தப்பு."

அங்கே யாரோ கன்னடத்தில் பேசிக்கொண்டு போனார்கள். தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போனது.

"வெச்சிட்டீங்களா அக்கா?"

"இல்ல." தள்ளுவண்டிச் சத்தம் அடங்கியதும், "அவரு துடிச்சிக்கிட்டு நின்னாரு. நீ மண்டி இல்லன்னு கத்துன. அப்பவே உன்னை மனசுல திட்டுனன்."

"திட்டுங்கக்கா."

"இப்பவும் திட்டணும் போலத்தான் இருக்குது. ஆனா சாவிய உருவச் சொன்னதும் நீதான். எதை வெச்சிக்கறது, எதை விடறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

எனக்கும் தெரியவில்லை. திடீரென்று அவர், "கதவு தொறக்குது. டாக்டர் வராரு. வெச்சிடாத, வெச்சிடாத" என்றார். ஒரு ஆண் குரல் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மடமடவென்று சொல்லிக்கொண்டு போனது. "எனக்கு ஒண்ணும் ஏறல சார், இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்று போனை அவரிடம் நீட்டிவிட்டார் போலிருக்கிறது.

நான் கன்னடத்தில் கேட்டேன். அவர் சொன்னார். கிழிந்த பகுதியை வெட்டிச் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்திருக்கிறார்கள். மார்பைத் திறந்தபோது இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து சேர ஆரம்பித்திருந்ததாம். இன்னும் அரை மணி போயிருந்தால் நாங்கள் தொட்டிருக்கவே முடியாது என்றார். இப்போது இதயம் தானாக ஓடுகிறது. நாளை கண் விழிப்பார். ரொம்ப நாளைக்கு பி.பி. ஏறவே கூடாது, அவரைக் கோபப்படுத்தாதீர்கள் என்றார்.

போன் ஃபகருன்னிசாவிடம் போனது.

"இருக்காரு அக்கா" என்றேன். "நல்லா முடிஞ்சிடுச்சு. நாளைக்குக் கண்ணு முழிப்பாரு."

அவர் அழுதார். நானும் அழுதேன், சமையலறையில், மூடி வைத்த தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு. கடைசியாக எப்போது அழுதேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

"முழிச்சதும் சொல்லிடறன்" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நாந்தான் தோளை அமுக்கிப் புடிச்சன்னு. நீயும் வந்து உன்னுதைச் சொல்லிடு. தனியாச் சொல்ல எனக்குப் பயமா இருக்குது."

"இப்ப சொல்லக்கூடாதுக்கா. கோவம் வரும், பி.பி. ஏறும். ஒரு மாசமாவது போகணும்."

"ஒரு மாசமா?"

"ஆமாக்கா."

"அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் இதை வயித்துல கட்டிக்கிட்டு இருக்கணுமா?"

"இருந்துதான் ஆகணும்."



"அப்ப தெனமும் போன் பண்ணு" என்றார். "வேற யாருகிட்டம்மா நான் இதைப் பேசுவன்?"